முதல் இரண்டு நிமிடங்கள் யாருடைய பொறுப்பு?
பெங்களூரு தீ விபத்துகளும் வீட்டுத் தீயணைப்பானும்

புதுதில்லி:

பெங்களூரு பழைய விமான நிலையச் சாலையில் உள்ள கார்ல்டன் டவர்ஸ் கட்டடத்தில் 2010 பிப்ரவரி 23 அன்று பற்றிய தீ ஒன்பது உயிர்களைப் பறித்தது. மின்கம்பிகள் செல்லும் செங்குத்துத் தடத்தில்தான் தீ தொடங்கியது. இறந்தவர்களில் பெரும்பாலோரை நெருப்பு தொடவேயில்லை. புகையில் மூச்சுத் திணறியும், புகைக்கு அஞ்சி மேல்மாடிச் சன்னல்களிலிருந்து குதித்தும் அவர்கள் மாண்டனர். அவசர வழிகள் பூட்டிக் கிடந்தன என்ற செய்தி நாட்டையே உலுக்கியது. உயிரிழந்தோரின் குடும்பத்தினர் ஒன்றுகூடி, 'பியாண்ட் கார்ல்டன்' என்ற அமைப்பைத் தொடங்கித் தீப் பாதுகாப்புக்காகக் குரல் கொடுத்து வருகின்றனர்.

அதன் பின்னரும் அந்த நகரம் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. 2021 செப்டம்பர் 21 அன்று தேவரசிக்கனஹள்ளி அடுக்குமாடிக் குடியிருப்பில் தாயும் மகளும் கருகி இறந்தனர். பால்கனியின் இரும்புக் கம்பித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண் சிக்கித் தவித்த காட்சியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. 2024 நவம்பர் 19 அன்று டாக்டர் ராஜ்குமார் சாலையில் மின்சார ஸ்கூட்டர் விற்பனையகம் ஒன்று எரிந்ததில் அங்கு வேலை பார்த்த இளம்பெண் உயிரிழந்தார். 2025 ஆகஸ்ட் 16 அதிகாலையில் நகரத்பேட்டையில், சரக்குகள் நிறைந்த கட்டடத்தின் மேல்தளத்தில் குடியிருந்த குடும்பத்தினர் உள்ளிட்ட ஐந்து பேர் மாண்டனர்.

ஒவ்வொரு முறையும் தீயணைப்பு வண்டிகள் வந்தன, அமைச்சர்கள் வந்தனர், இழப்பீடு அறிவிக்கப்பட்டது. தீ சிறு பொறியாக இருந்த அந்த முதல் இரண்டு நிமிடங்களில் அங்கிருந்தவர்களின் கையில் என்ன இருந்தது என்ற கேள்வி மட்டும் எப்போதும் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. சுவரில் மாட்டப்படும் அந்தச் சிவப்பு உருளையை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பயன்படுத்துவது, எப்போது அதை விட்டுவிட்டு வெளியேறுவது என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். அதே வேளையில், ஒரு குடும்பம் உருளை ஒன்றை வாங்கி மாட்டிவிட்டதால் அரசின் கடமை தீர்ந்துவிடாது என்பதையும் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சட்டத்தின் கண் உயரத்தின் மேல்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 7,435 பேர் தீ விபத்துகளில் இறந்தனர். அதாவது, நாளொன்றுக்கு இருபது பேர். ஆண்டுதோறும் இத்தகைய சாவுகளில் பெரும்பங்கு நிகழ்வது தொழிற்சாலைகளிலோ திரையரங்குகளிலோ அல்ல. மக்கள் குடியிருக்கும் வீடுகளில்தான். ஆனால், நமது விதிகளின் கவனம் முழுவதும் வேறிடத்தில் இருக்கிறது.

இந்திய தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, 15 மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ளவற்றை 'உயர்மாடிக் கட்டடம்' என வரையறுத்து, அவற்றுக்குக் கடுமையான தீப் பாதுகாப்பு ஏற்பாடுகளை வகுத்துள்ளது. இத்தொகுப்பு தானாகவே சட்டமாகிவிடாது. மாநிலங்களும் உள்ளாட்சிகளும் தங்கள் கட்டட விதிகளில் சேர்த்துக்கொண்டால்தான் அது கட்டுப்படுத்தும். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, ஆய்வு ஆகியவையும் பெரும்பாலும் உயர்ந்த கட்டடங்களையும் பெரிய கூடங்களையும் சுற்றியே அமைந்துள்ளன.

பெங்களூருவில் உழைக்கும் மக்கள் வாழ்வது எங்கே? மூன்று, நான்கு மாடி எழுப்பிப் போர்ஷன் போர்ஷனாக வாடகைக்கு விடப்பட்ட வீடுகளில்; ஒரே படிக்கட்டுள்ள 'பி.ஜி.' எனப்படும் விடுதிகளில். கீழே கடையும் நடுவே கிடங்கும் மேலே குடியிருப்புமாக உள்ள பேட்டைகளில். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களும், ஆண்டுதோறும் வேலை தேடி வந்து இறங்கும் இளைஞர்களும் பெரும்பாலும் இத்தகைய இடங்களில்தான் தங்குகின்றனர். 15 மீட்டரை எட்டாத அந்தக் கூரைகளின் கீழ் என்ன நடக்கிறது என்று பார்க்க எவரும் வருவதில்லை. அங்கே தீயணைப்பான் இருப்பது வீட்டுக்காரரின் மனதைப் பொறுத்தது அல்லது வாடகைக்கு இருப்பவரின் பையைப் பொறுத்தது.

ஏன் இரண்டு நிமிடங்கள்?

நகர்ப்புறத்தில் அழைப்பு வந்த 5 முதல் 7 நிமிடங்களுக்குள் தீயணைப்பு வண்டி சென்றடைய வேண்டும் என்பது மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழுள்ள நிலைத் தீயணைப்பு ஆலோசனைக் குழு வகுத்த நெறி. சில்க் போர்டு சந்திப்பிலோ கே.ஆர். மார்க்கெட் சந்துகளிலோ மாலை நேரத்தில் மாட்டிக்கொண்டவர்கள் அந்த நெறியை எண்ணிச் சிரிப்பார்கள். வண்டி நெறிப்படியே வந்து சேர்ந்தாலும், இன்றைய வீடு அதுவரை காத்திருக்காது.

அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டு செய்யப்பட்ட ஓர் ஒப்பீட்டுச் சோதனையில், நுரை மெத்தையும் செயற்கை இழைத் துணிகளும் கொண்ட நவீன வரவேற்பறை நான்கு நிமிடங்களுக்குள் முழுவதும் தீப்பிழம்பானது. மரமும் பருத்தியும் கொண்ட பழைய பாணி அறை அந்நிலையை அடைய ஏறத்தாழ அரை மணி நேரம் ஆயிற்று. நம் வீடுகளிலும் மரக் கட்டிலும் இலவம்பஞ்சு மெத்தையும் போய், நுரை சோபாவும் பிளாஸ்டிக் நாற்காலியும் ஒட்டுப்பலகை அலமாரியும் வந்துவிட்டன. அவை வேகமாக எரிவதோடு நச்சுப் புகையையும் கக்குகின்றன. அப்புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவரை எழுப்பாமலேயே கொன்றுவிடும்.

எனவே, தீ குப்பைக்கூடை அளவில் இருக்கும்போதே அணைக்கப்பட வேண்டும். இயலாவிட்டால் உடனே வெளியேற வேண்டும். தீயணைப்பானின் வேலை இவ்வளவுதான். நம் தர ஆவணங்கள் அதை 'முதலுதவித் தீயணைப்பான்' என்றே அழைக்கின்றன. காயத்துக்குக் கட்டுப் போடும் பெட்டியைக் கொண்டு அறுவை சிகிச்சை செய்ய முடியாதல்லவா?

எதை வாங்குவது?

எல்லாத் தீயும் ஒன்றல்ல. எரியும் பொருளைக் கொண்டு இந்தியத் தரநிலைகள் தீயை வகைப்படுத்துகின்றன. மரம், துணி, காகிதம் போன்ற திடப் பொருள்களின் தீ 'ஏ' வகை. பெட்ரோல், மண்ணெண்ணெய், பெயிண்ட் போன்ற திரவங்களின் தீ 'பி' வகை. சமையல் எரிவாயு போன்றவற்றின் தீ 'சி' வகை. மக்னீசியம் போன்ற உலோகங்களின் தீ 'டி' வகை. வாணலியில் கொதித்துப் பற்றும் சமையல் எண்ணெயின் தீ 'எஃப்' வகை. மின்கசிவால் எழும் தீக்கு நம் நாட்டில் தனி எழுத்து இல்லை. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டால் எஞ்சுவது பெரும்பாலும் 'ஏ' வகைத் தீயே என்பதுதான் காரணம்.

இணைய வணிகத்தில் வரும் அயல்நாட்டுக் கருவிகளை வாங்குவோர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க முறையில் 'சி' என்பது மின்சாரத் தீயையும் 'கே' என்பது சமையல் எண்ணெய்த் தீயையும் குறிக்கும். ஒரே எழுத்து இரு நாடுகளில் இரு பொருள் தருகிறது.

சாதாரணக் குடும்பம் ஒரே ஒரு தீயணைப்பான்தான் வாங்க முடியும் என்றால், 'ஏபிசி' எனக் குறிக்கப்பட்ட உலர்தூள் வகையே பொருத்தமானது. அதிலுள்ள மோனோ அம்மோனியம் பாஸ்பேட் தூள், எரியும் பொருளின் மேல் உருகிப் படிந்து காற்றைத் தடுக்கிறது. தீயின் வேதிவினைச் சங்கிலியையும் அறுக்கிறது. துணி, பெட்ரோல், எரிவாயு ஆகிய மூன்றையும் சமாளிக்கும்; மின்சாதனங்கள் மீதும் அடிக்கலாம். அறை முழுவதும் மஞ்சள் தூள் படிந்துவிடும் என்பதும், கணினி போன்றவை பழுதாகக்கூடும் என்பதும் இதன் குறைகள். வீடு எரிவதைவிட வீட்டைப் பெருக்குவது எளிது. 'பிசி' என்று மட்டும் குறிக்கப்பட்ட தூள் கருவிகளும் கடைகளில் உண்டு. சமையல் சோடா இனத்தைச் சேர்ந்த அந்தத் தூள் மெத்தை, துணி, மரம் ஆகியவற்றின் தீயை அணைக்கப் போதாது.

கரியமில வாயு தீயணைப்பான், மின்பலகைக்கும் கணினி அறைக்கும் நல்லது. எச்சம் எதுவும் விடாது. ஆனால், காற்றோட்டமில்லாத சிறிய அறையில் அடித்தால் மனிதருக்கும் மூச்சுத் திணறும். வாயு சீறி வரும் குழல் உறைபனியைவிடக் குளிர்ந்துவிடுவதால் வெறுங்கையால் அதைப் பிடித்தால் தோல் வெந்துபோகும். தண்ணீர் வகையை மின்சாரத்தின் மீதும் எண்ணெயின் மீதும் பயன்படுத்தவே கூடாது. எண்ணெய்த் தீக்கென்றே ஈர வேதிப்பொருள் வகை உள்ளது. உணவகங்களும் விடுதிச் சமையற்கூடங்களும் அதை வைத்திருக்க வேண்டும்.

அளவும் முக்கியம். ஒரு கிலோ கருவி காருக்குப் போதும். சமையலறைக்கு இரண்டு கிலோவுக்குக் குறையக் கூடாது. வீட்டுக்குப் பொதுவாக நான்கு கிலோ ஏற்றது. உருளையோடு சேர்த்து ஆறேழு கிலோ எடை இருக்கும். ஆறு கிலோ கருவி இன்னும் வலிமையானது என்றாலும், வீட்டில் பகல் முழுவதும் இருப்பவர் முதியவராக இருந்தால் அவரால் அதைத் தூக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். வாங்குமுன் கடையிலேயே அவரைத் தூக்கிப் பார்க்கச் சொல்லலாம்.

உருளையின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், ஐ.எஸ். 15683 என்ற தர எண்ணும், உரிம எண்ணும், தயாரித்த ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். அழுத்தமானி உள்ள கருவியில் முள் பச்சைப் பகுதியில் நிற்க வேண்டும். வாசனைத் திரவியப் புட்டிபோல் விற்கப்படும் சிறு தெளிப்பான்களும், தீயில் எறியும் பந்துகளும் இதற்கு மாற்றாகா.

அடுப்புக்கு மேலே மாட்டாதீர்!

பல வீடுகளில் தீயணைப்பான் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டப்பட்டிருக்கும். தீப் பிடித்தால் அதை எடுக்க நெருப்புக்குள்தான் கை நீட்ட வேண்டும். சமையலறைக்கு வெளியே, வாசலுக்குப் போகும் வழியில், கைக்கெட்டும் உயரத்தில் அது இருக்க வேண்டும். அப்போது அதை எடுப்பவர் வெளியேறும் வழியிலேயே நிற்பார். குடியிருப்புகளின் பொது நடைபாதையில், எந்த இடத்திலிருந்தும் 15 மீட்டருக்கு மேல் நடக்காமல் ஒரு தீயணைப்பானை எட்ட முடிய வேண்டும் என்பது ஐ.எஸ். 2190 வழிகாட்டு நெறியின் சாரம். அலமாரிக்குள் பூட்டுவதும், அதன் மேல் துணி காயப்போடுவதும், செருப்பு அடுக்கை அதற்கு முன்னால் நகர்த்துவதும் கருவியே இல்லாததற்குச் சமம்.

நான்கு அசைவுகள்

தீ கண்ணில் பட்டவுடன் முதலில் குரல் கொடுத்து வீட்டிலுள்ளோரை வெளியேற்ற வேண்டும். ஒருவர் 101 அல்லது 112 எண்ணுக்கு அழைக்க வேண்டும். இன்னொருவர் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அதன் பிறகே கருவியைத் தொட வேண்டும்.

வாசல் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி, தீயிலிருந்து ஏறத்தாழ இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். முதலாவது, பாதுகாப்பு ஊசியை இழுக்க வேண்டும். பிடியை அழுத்திக்கொண்டே இழுத்தால் ஊசி வராது. பதற்றத்தில் பலர் செய்யும் தவறு இதுவே. இரண்டாவது, குழலைத் தீயின் அடிப்பகுதிக்கு நேராகப் பிடிக்க வேண்டும். எழும் சுடர் மீது அடித்தால் தூள் வீணாகும். எரியும் பொருள் எரிந்துகொண்டே இருக்கும். மூன்றாவது, மேல்பிடியை முழுமையாக அழுத்த வேண்டும். நான்காவது, குழலை இடமும் வலமுமாகத் துடைப்பம்போல் வீசிக்கொண்டு சற்றுச் சற்றாக முன்னேற வேண்டும்.

திரைப்படங்களில் காட்டுவதுபோல் நிமிடக் கணக்கில் தூள் பீய்ச்சாது. இரண்டு கிலோ கருவி பத்து விநாடி அளவில் தீர்ந்துவிடும். அந்தப் பத்து விநாடியில் தீ அடங்கவில்லை என்றால் இரண்டாவது முயற்சி கூடாது. கதவைச் சாத்திவிட்டு, பூட்டாமல் வெளியேற வேண்டும். மின்தூக்கியில் ஏறக் கூடாது. புகை சூழ்ந்தால் தரையோடு தாழ்ந்து நகர வேண்டும். சுவாசிக்கத் தக்க காற்று எஞ்சியிருப்பது கீழேதான். தீ உங்கள் இடுப்புயரத்தைத் தாண்டிவிட்டாலும், உங்களுக்கும் வாசலுக்கும் நடுவே நின்றாலும், அறை புகையால் நிரம்பிவிட்டாலும் கருவியைத் தேடிப் போகவே கூடாது.

தூள் வெல்லாத தீ

வாணலி எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றுவது கொலைக்குச் சமம். தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் இறங்கி, கணத்தில் ஆவியாகி, ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரை வரை வாரி இறைக்கும். அடுப்பை அணைத்து, பொருத்தமான மூடியைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடிவிட்டு, அது முற்றிலும் ஆறும் வரை திறக்காமல் விட வேண்டும். வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. தூள் கருவியை மிக அருகிலிருந்து அடித்தால் எண்ணெய் தெறிக்கும். சுடர் அடங்கினாலும் எண்ணெயின் சூடு குறையாததால் அது மீண்டும் பற்றும்.

எரிவாயுச் சிலிண்டரின் வாயில் எரியும் தீயை, வாயுவை அடைக்க வழியில்லாமல் அணைக்கக் கூடாது. அணைந்த பின்னும் கசியும் வாயு அறையில் தேங்கி, அடுத்த பொறியில் வெடிக்கும். ரெகுலேட்டரை மூட முடிந்தால் மூட வேண்டும். முடியாவிட்டால் வெளியேற வேண்டும். தீ இல்லாமல் வாடை மட்டும் வந்தால் மின்விளக்கைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து பரவும். எனவே, வாசற்கதவையும் சன்னல்களையும் அகலத் திறந்துவிட்டு, வெளியே சென்று 1906 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும். பெங்களூருவின் பல குடியிருப்புகளில் குழாய்வழி வரும் இயற்கை எரிவாயுவோ காற்றைவிட இலேசானது, மேலே தேங்கும். அதற்கு மேற்புறக் காற்றோட்டம் தேவை.

மின்சார ஸ்கூட்டரின் லித்தியம் மின்கலம் புதிய சவால். அதன் உள்ளே வெப்பம் தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் வினை தொடங்கிவிட்டால், தூள் சுடரை அடக்குமே தவிர சூட்டைத் தணிக்காது. தீ மீண்டும் எழும். ஏராளமான தண்ணீரால் நீண்ட நேரம் குளிர்விப்பது தீயணைப்பு வீரர்களின் வேலை. குடும்பம் செய்யக்கூடியது ஒன்றே: ஒரே படிக்கட்டின் அடியிலும், உறங்கும் அறையிலும், வாசலை அடைத்தும் அதை மின்னேற்றம் செய்யாதிருப்பது. மாடியில் குடியிருப்போரின் ஒரே வெளியேறும் வழி அந்தப் படிக்கட்டுதான்.

பட்டாசுக் கிடங்கு பற்றிச் சொல்லவே வேண்டாம். எரிவதற்கான ஆக்சிஜனை அந்த மருந்தே தன்னுள் கொண்டுள்ளது. 2023 அக்டோபர் 7 அன்று தமிழக எல்லையை ஒட்டிய அத்திபெலேயில் பட்டாசுக் கடையும் கிடங்கும் வெடித்தபோது குறைந்தது 14 பேர் இறந்தனர். தீபாவளி நேரத் தற்காலிக வேலைக்காகத் தருமபுரி உள்ளிட்ட தமிழக மாவட்டங்களிலிருந்து சென்ற ஏழை இளைஞர்கள் அவர்களில் பலர். அங்கே எத்தனை சிவப்பு உருளைகள் இருந்திருந்தாலும் அவர்களைக் காத்திருக்காது. காத்திருக்க வேண்டியவை உரிம விதிகளும் அதிகாரிகளின் ஆய்வுமே.

வாங்கியதோடு முடியவில்லை

மாதம் ஒரு முறை அழுத்தமானியின் முள்ளையும், ஊசியையும், குழலில் விரிசல் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். கரியமில வாயுக் கருவியில் அழுத்தமானி இருக்காது. எடை போட்டுத்தான் அறிய முடியும். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மீண்டும் நிரப்ப வேண்டும். ஒரு விநாடி அழுத்தியிருந்தாலும் அது பயன்படுத்தப்பட்ட கருவியே. ஊசி மீண்டும் செருகப்பட்டதால் முழுமையாகிவிடாது. அழுத்தம் மெல்லக் கசிந்துவிடும். அடுத்த நிரப்பலும் அழுத்தச் சோதனையும் எப்போது என்பதைக் குறிக்கும் சீட்டு உருளையில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பழைய சீட்டின் மேல் புதிய சீட்டை மட்டும் ஒட்டிவிட்டுப் பணம் வாங்கிச் செல்வோரும் உண்டு. ஆதலால், குடியிருப்போர் சங்கங்கள் நிரப்பும் பணியை எதிரில் நின்று பார்க்க வேண்டும். காலாவதியாகும் கருவிகளை வீணாக்காமல், அவற்றைக் கொண்டே வெட்டவெளியில் எல்லோரையும் அடித்துப் பழகச் செய்யலாம்.

இப்பயிற்சி யாருக்குத் தரப்படுகிறது என்பதும் ஒரு கேள்வி. குடியிருப்புகளில் ஏப்ரல் 14 தீயணைப்பு நாளை ஒட்டி நடக்கும் செயல்விளக்கத்தில் காவலாளிகளும் சங்க நிர்வாகிகளும் நிற்கின்றனர். அடுப்படியில் தீயை முதலில் சந்திப்பவர்களோ இல்லத்தரசிகளும் வீட்டு வேலைக்கு வரும் பெண்களும். அவர்கள் கையில் ஒரு முறையேனும் அந்த உருளையைக் கொடுத்து ஊசியை இழுக்கச் சொன்னவர் எத்தனை பேர்?

தில்லியும் பெங்களூருவும் செய்ய வேண்டியது

அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட பன்னிரண்டாம் அட்டவணை, தீயணைப்புப் பணியை நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பணிகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. நடைமுறையில் பெரும்பாலான மாநிலங்களில் அது மாநிலத் துறையிடம் உள்ளது, உள்ளாட்சி கைகழுவிக்கொள்கிறது. கைகழுவியவர்களையும் தீ விடவில்லை. 2023 ஆகஸ்ட் 11 அன்று அப்போதைய பெங்களூரு மாநகராட்சியின் தலைமை அலுவலக வளாகத்திலேயே தரக் கட்டுப்பாட்டு ஆய்வகம் எரிந்து ஒன்பது பேர் காயமடைந்தனர். அவர்களில் தலைமைப் பொறியாளர் ஒருவர் சிகிச்சை பலனின்றி இறந்தார். நகரின் கட்டடங்களைக் கண்காணிக்க வேண்டிய அமைப்பின் வளாகத்தின் நிலையே இது!

மத்திய அரசின் பங்கும் கேள்விக்குரியது. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது தீயணைப்பானுக்கு 28 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் குவாஹாட்டியில் கூடிய வரி கவுன்சில்தான் அதை 18 விழுக்காடாகக் குறைத்தது. ஆடம்பரப் பொருள்களின் வரிசையில் உயிர்காக்கும் கருவியை வைத்தவர்கள், ஏழை வீட்டுக்கும் அது தேவை என்று எண்ணிப் பார்க்கவில்லை. 2019 செப்டம்பரில் உள்துறை அமைச்சகம் மாதிரித் தீயணைப்பு மசோதா ஒன்றை மாநிலங்களுக்கு அனுப்பியது. 2023இல் மாநிலத் தீயணைப்புத் துறைகளை நவீனப்படுத்த 5,000 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதில் 500 கோடி ரூபாய், சட்டச் சீர்திருத்தம் செய்யும் மாநிலங்களுக்கான ஊக்கத்தொகை. வண்டியும் ஏணியும் நிலையமும் வேண்டும்தான். ஆனால், அவை வந்து சேரும் முன்பான நிமிடங்களுக்கு அத்திட்டத்தில் என்ன இருக்கிறது என்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. உஜ்வலா திட்டத்தின் மூலம் கோடிக்கணக்கான ஏழை வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு கொடுத்த நாட்டில், இணைப்போடு ஒரு சிறு தீயணைப்பானையும் கால் மணி நேரப் பயிற்சியையும் சேர்த்துக் கொடுப்பது இயலாததல்ல. வாடகை ஒப்பந்தத்தில் தண்ணீரும் மின்சாரமும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பாக இருப்பதுபோல், தீயணைப்பானும் பூட்டப்படாத வெளியேறும் வழியும் அவர் பொறுப்பாக வேண்டும். விடுதிகளின் உரிமத்தைப் புதுப்பிக்கும் முன் கருவிகளும் இரண்டாவது வழியும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். உயர வரம்புக்குக் கீழே உள்ள கட்டடங்களையும் ஆய்வு வளையத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

1981 பிப்ரவரி 7 அன்று பெங்களூருவில் வீனஸ் சர்க்கஸ் கூடாரம் எரிந்து 92 பேர் இறந்தனர், பெரும்பாலோர் குழந்தைகள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் கருகினர். கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. ஒரு பெரும் சாவு ஒரு விதியைப் பெற்றுத் தருகிறது. வீடுகளில் ஒருவர், இருவராக இறப்பவர்களுக்காக எந்த விதியும் பிறப்பதில்லை. ஏனெனில், அந்தச் சாவுகள் மறுநாள் செய்தித்தாளின் உள்பக்கத்தில் நான்கு வரியோடு முடிந்துவிடுகின்றன.

ஆயிரத்துச் சொச்சம் முதல் மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் அந்தச் சிவப்பு உருளையை இயன்றவர்கள் இன்றே வாங்கட்டும். வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஊசியை இழுக்கக் கற்கட்டும். இயலாதவர்களுக்கு அது கிடைக்கச் செய்யும் பொறுப்பை அரசுகள் ஏற்கும் வரை, வார்டு கூட்டங்களிலும் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் இந்தக் கேள்வி ஓயாமல் எழுப்பப்பட வேண்டும்.